கஜாவுக்குப் பிறகு நான் தூங்கக் கற்றுக்கொண்டது

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது பேராவூரணிப் பக்கம் ஓட்டு வீட்டில் இருந்தோம். விடிந்து பார்த்தால், அப்பா வைத்த தென்னைகளில் நின்றவை நான்குதான். அரிசி வந்தது, தார்ப்பாய் வந்தது. மனசைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஐப்பசியில்தான் புரிந்தது. லேசாகக் காற்றடித்தாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். ராத்திரி முழுக்க டார்ச்சோடு கூரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சின்னவள் "படுங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மறுநாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனேன்.

"உங்க உடம்பு அந்த ராத்திரியை இன்னும் மறக்கலை, அவ்வளவுதான்" என்றார் மருத்துவர். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விடச் சொன்னார். வானிலைச் செய்தி காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. வாட்ஸ்அப் வதந்தி வேண்டாம். எனக்கு அதிகம் உதவியது வேறு: கேட்கிற சத்தத்துக்கெல்லாம் பெயர் சொல்வது. இது மட்டை உரசுவது. இது மாட்டுக் கொட்டகைத் தகரம். முதல் வாரம் பலனில்லை. மூன்று மாதத்தில் பாதி ராத்திரியாவது தூங்கினேன்.

இப்போது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. 14416க்கு எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தயங்காமல் பேசுங்கள், நான் ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேன்.

நேற்றும் காற்றுதான். தகரம் அடித்துக்கொண்டது. எழுந்துபோய்க் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு வந்து படுத்தேன்.