புயலுக்கு முந்தைய மாலை: ஒரு நாவல் அத்தியாயத்தை எழுதும் முறை

என் நாவல் தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் 22 இரவில் முடிகிறது. புயலை எழுதும் ஆசையோடுதான் உட்கார்ந்தேன். நாற்பது பக்கமும் வெறும் காற்றிரைச்சல். கிழித்துப் போட்டுவிட்டு, அன்று மாலை ஒரு சிறுமி காயப்போட்ட கருவாட்டை அள்ளி உள்ளே வைப்பதிலிருந்து தொடங்கினேன், கதை நகர்ந்தது. பெரிய நிகழ்ச்சியைக் கடைசியில் எழுதுங்கள். அதற்கு முந்தைய சில மணி நேரம் யார் எந்த வேலையில் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்.

முதல் வரைவை எழுதும்போது தகவல் தேட எழுந்து போகாதீர்கள். தெரியாத இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டு மேலே செல்லுங்கள். என் வட்டங்களில் ஒன்று காசு. 1957இல் வந்த 'நயா பைசா', 1964 ஜூனிலிருந்து வெறும் 'பைசா' ஆனது. என் கதையில் பேத்தி பைசா என்கிறாள், பாட்டி இன்னும் அணா என்கிறாள். இருவருடைய வயதையும் நான் வேறெங்கும் சொல்லவில்லை. இன்னொரு வட்டம் நிலா. கும்மிருட்டு என்று எழுதியிருந்தேன். டிசம்பர் 19தான் பௌர்ணமி! அப்படியானால் மேகம் மூடியிருக்க வேண்டும். அந்த மேகத்தைத் தாத்தா மாலையிலேயே கவனித்திருப்பார் அல்லவா? அதிலிருந்து ஒரு முழு அத்தியாயம் கிடைத்தது.

உரையாடலை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் பாத்திரம் பேசவில்லை, நாம் பேசுகிறோம்.

திருத்தும்போது நான் அதிகம் நீக்குவது அத்தியாயத்தின் இறுதி வரிகளை. பேத்தி அரிக்கேன் விளக்கின் திரியைத் தாழ்த்துகிறாள். அதற்குப் பிறகு அவள் மனதை விளக்கி ஆறு வரிகள் இருந்தன. எடுத்துவிட்டேன்.