ஸ்டேடியச் செலவை எப்படிப் படிப்பது? பிரேசில் 2014-ஐ வைத்துப் பார்ப்போம்

கால்பந்துப் போட்டிக்கு ஸ்டேடியம் கட்டப்போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும், சொன்ன தொகையையும் தேதியையும் யார் பணம் என்பதையும் அன்றைக்கே குறித்து வையுங்கள், ஏனென்றால் பின்னால் மாறுவது இவைதான். 2007-ல் பிரேசிலுக்கு உலகக் கோப்பை கிடைத்தபோது தனியார் பணத்தில் கட்டுவோம் என்றார்கள். கடைசியில் 12 ஸ்டேடியங்களில் மூன்று தவிர மற்றவை எல்லாம் அரசுடையவை, அந்த மூன்றுக்கும்கூட அரசு வங்கிக் கடன் போனது.

அப்புறம் முதல் டெண்டரில் என்ன இல்லை என்று தேடுங்கள். தலைநகர் பிரேசிலியாவில் கட்டுமானத்துக்கு மட்டும் சுமார் 70 கோடி ரியல் (பிரேசில் நாணயம்) என்று ஒப்பந்தம் போட்டுவிட்டு, கூரை, புல்தரை எல்லாம் தனித்தனியாக வாங்கினார்கள். மொத்தம் 140 கோடியைத் தாண்டியது. நாட்டின் முதல் டிவிஷன் லீகில் ஒரு கிளப்கூட இல்லாத ஊர் அது! உலகக் கோப்பைக்கு மறுவருடமே அந்த வளாகத்தில் பேருந்துகளை நிறுத்தினார்கள்.

"புதுப்பிப்பு" என்று எழுதியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அன்றைய பிரேசில் சட்டப்படி, போட்ட ஒப்பந்தத்தில் புதுக் கட்டடம் என்றால் 25 சதவீதம் வரைதான் தொகையைக் கூட்டலாம், புதுப்பிப்பு என்றால் 50 வரை கூட்டலாம். ரியோ நகரின் பழைய மரக்கானா ஸ்டேடிய வேலை புதுப்பிப்புக் கணக்கில்தான் நடந்தது. நடுவில் பழைய கூரையையே இடித்துப் புதிதாகப் போட வேண்டி வந்து, 70 கோடியில் ஆரம்பித்தது 100 கோடியைத் தாண்டிப் போனது. அதனால் முதல் ஒப்பந்தத்தை மட்டும் பார்த்துவிட்டு நிற்காதீர்கள், பின்னால் சேர்த்த ஒவ்வொரு திருத்தத்தையும் தேதி வாரியாக அடுக்குங்கள்.

தாமதத்துக்கு, "90 சதவீதம் முடிந்தது" என்ற பேச்சை விடுங்கள். எத்தனை பேரை உட்காரவைத்து ஒத்திகை ஆட்டம் நடத்தினார்கள் என்று கேளுங்கள். ஃபிஃபா வைத்த கெடு 2013 டிசம்பர். சாவோ பாலோ ஸ்டேடியத்தில் நவம்பரில் கிரேன் சரிந்து இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள், அடுத்த மார்ச்சில் தற்காலிக இருக்கைகள் போடும்போது இன்னொருவர். கெடுவை நெருக்கிப் பிடித்துக் கட்டுகிற இடத்தில் விபத்துப் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள், செலவுக் கணக்கைவிட எனக்கு அது முக்கியம்.

பராமரிப்பை மறக்க வேண்டாம். பிரேசிலின் மனாஸ் நகர ஸ்டேடியம் உலகக் கோப்பையில் கண்டது நான்கே ஆட்டங்கள். போட்டி முடிந்தபின் மாதாமாதம் மின்சாரத்துக்கும் புல்லுக்கும் யார் பணம் கட்டுவது என்று எழுத்தில் இருக்கிறதா? இல்லையென்றால், அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே உங்கள் பிரதிநிதியிடம் கேளுங்கள்.