சின்ன பட்ஜெட் திரில்லர்: வசூல் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018ல் வந்த 'சர்ச்சிங்' என்ற ஹாலிவுட் திரில்லரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைச் சொல்லிவிடுவார்: செலவு சுமார் 8.8 லட்சம் டாலர், உலக வசூல் சுமார் 7.5 கோடி டாலர், ஆகவே 85 மடங்கு லாபம். முதல் இரண்டு எண்களில் தப்பில்லை. மூன்றாவதில்தான் வில்லங்கம்.

படத்தை எடுத்தவர்கள் அந்த வருடம் ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். சோனி 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. எடுத்தவர்களுக்கு உறுதியாக வந்த பணம் அதுதான். போட்டதற்கு ஐந்தரை மடங்கு. அருமையான வியாபாரம், சந்தேகமே இல்லை. ஒப்பந்தத்தில் வசூல் போனஸ் இருந்தால் அது தனி. நம்மூர் பாஷையில் சொன்னால் டேபிள் பிராஃபிட்: ரிலீசுக்கு முன்பே லாபம் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஓடினாலும் படுத்தாலும் அது பெரும்பாலும் சோனியின் கவலை. சோனிக்கும் 7.5 கோடி முழுதாக வரவில்லை. அமெரிக்காவில் வசூலான சுமார் 2.6 கோடியில் ஏறக்குறைய பாதியைத் தியேட்டர்கள் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டு வசூலில் திரும்பி வருவது பொதுவாக அதைவிடக் குறைவு. மிச்சத்தில்தான் விளம்பரச் செலவைக் கழிக்க வேண்டும். ஆயிரத்துக்கு மேல் தியேட்டர்களில் ஒரு படத்தை இறக்கும் விளம்பரச் செலவுக்கு முன்னால் 8.8 லட்சம் டாலர் சில்லறைக்காசு.

ஆக, முதல் தவறு வசூலை பட்ஜெட்டால் வகுப்பது. யாருடைய வசூல், யார் போட்ட பணம் என்று கேட்காமல் வகுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சரி, நம்மூருக்கு வருவோம். சென்னை மல்டிபிளெக்ஸில் நமக்குப் பழகிப்போன 190 ரூபாய் டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை விலை 150. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 27 ரூபாய். தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதமாக இருந்த உள்ளாட்சி கேளிக்கை வரி 12 ரூபாய். மொத்தம் 189, கிட்டத்தட்ட அந்த 190. ஆன்லைனில் புக் செய்யும்போது பிடிக்கிற கட்டணம் இந்தக் கணக்கிலேயே வராது, படத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 150 ரூபாயில் பாதி தியேட்டருக்கு என்று வைத்தால் ஷேர் 75. அதில் விநியோகஸ்தர் கமிஷன் 15 சதவீதம் போனால் தயாரிப்பாளருக்குச் சுமார் 64 ரூபாய். போஸ்டரில் 'கோடிகளைக் குவிக்கும்' என்று போடுவது 189ஐ. வீட்டுக்கு வருவது 64. கிராஸ் (வரியோடு 189), நெட் (வரி போக 150), ஷேர் (தியேட்டர் பங்கு போக 75) மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வசூல் விவாதங்களில் முக்கால்வாசி சண்டைக்குக் காரணம்.

அடுத்தது 'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற சொல். "படம் மூணு கோடியில முடிஞ்சது" என்று ஒருவர் சொன்னால், படத்தின் முதல் பிரதி தயாராகும் வரை ஆன செலவு என்றுதான் பொருள். விளம்பரம், டிஜிட்டல் புரொஜெக்‌ஷனுக்குத் தியேட்டர்வாரியாகக் கட்டுகிற விபிஎஃப், முக்கியமாக வட்டி, எதுவும் அதில் இல்லை. அந்த விபிஎஃப் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதுப்பட ரிலீசையே ஏப்ரல் வரை நிறுத்தி வைத்தார்கள் என்றால் அது எவ்வளவு உறுத்தியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், சின்னப் படங்களைச் சத்தமில்லாமல் சாய்ப்பது அதுதான். மூன்று கோடியும் மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய்க்கு, முதல் நாளே வாங்கியதாக வைத்துக்கொள்வோம். 18 மாதத்தில் வட்டி மட்டும் 1.62 கோடி. விளம்பரமும் ரிலீஸ் செலவும் ஒரு கோடி. 'மூணு கோடிப் படம்' இப்போது 5.62 கோடிப் படம். இதைத் தியேட்டரில் மட்டுமே எடுக்க வேண்டும் என்றால், டிக்கெட்டுக்கு 64 ரூபாய் வீதம் 8.78 லட்சம் டிக்கெட் விற்க வேண்டும். கிராஸ் கணக்கில் 16 கோடியைத் தாண்டுகிறது. விலை குறைந்த ஊர்களில் இன்னும் அதிகம் பேர் வர வேண்டும். அதே படம் எட்டே மாதத்தில் வெளிவந்திருந்தால் வட்டி 72 லட்சத்தோடு நின்றிருக்கும். மிச்சமாகும் 90 லட்சம் என்பது 1.4 லட்சம் டிக்கெட்டின் பணம்.

இதனால்தான் "பதிமூணே நாள் ஷூட்டிங்" என்ற பெருமையைப் பார்த்து மயங்கக் கூடாது. 'சர்ச்சிங்' 13 நாளில்தான் படமாக்கப்பட்டது; ஆனால் முழுக்கக் கணினித் திரையிலேயே நடக்கும் கதை என்பதால் எடிட்டிங் ஒரு வருடத்தைத் தாண்டி நீண்டது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி' திகில் படம் என்றாலும் இந்தப் பேச்சில் தவறாமல் வரும். சுமார் 15,000 டாலரில், இயக்குநரின் சொந்த வீட்டிலேயே, ஒரு வாரத்தில் எடுத்தது. எடுத்த வருடம் 2006, பெரிய அளவில் தியேட்டருக்கு வந்த வருடம் 2009. இடையில் மூன்று வருடம்! மூன்று வட்டிக்கு வாங்கிய பணமாக இருந்திருந்தால் அசலைவிட வட்டி பெரிதாகியிருக்கும். 15,000 டாலர் என்பதால் பொறுத்திருக்க முடிந்தது. நாள் கணக்கை மட்டும் காப்பியடிக்கிறவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

பட்ஜெட் எண்ணுக்குள் வராத சம்பளம் இன்னொரு பொறி. ஹீரோவே தயாரிப்பாளர் என்றால் அவர் சம்பளம் கணக்கில் ஏறாது. இயக்குநர் "அப்புறம் வாங்கிக்கிறேன்" என்றிருப்பார், கேமரா நண்பருடையது, வீடு மாமாவுடையது. ஹாலிவுட்டில் ப்ளம்ஹவுஸ் நிறுவனம் இதையே முறைப்படுத்தி வைத்திருக்கிறது: நடிகர்களுக்கும் இயக்குநருக்கும் முதலில் குறைந்தபட்சச் சம்பளம், படம் ஓடினால் பங்கு. 2017ல் வந்த 'கெட் அவுட்' 45 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த 45 லட்சத்தைப் பார்த்து, முழுச் சம்பளமும் கொடுத்து அதே மாதிரிப் படம் எடுக்கப் போனால் அது சின்ன பட்ஜெட்டாகவே இருக்காது.

திரில்லருக்கென்றே ஒரு சிக்கலும் உண்டு. குடும்பப் படத்தை இரண்டாவது தடவை பார்க்க ஆள் வரும். கொலையாளி யார் என்று தெரிந்த பிறகு இதற்கு எத்தனை பேர் வருவார்கள்? வெள்ளிக்கிழமை காலை 11 மணி ஷோவும் மதிய ஷோவும்தான் புதுமுகப் படத்துக்குக் கிடைக்கும். அதிலும் பத்து பேர் இல்லையென்றால் ஷோ பிரேக், அதாவது காட்சி ரத்து. ஞாயிறுக்குள் "படம் நல்லாருக்காம்" என்று பரவி, திங்கட்கிழமை தேடும்போது ஷோவே இருக்காது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய படம் வந்துவிடும். வாய்மொழியை நம்பி விளம்பரத்தைக் குறைப்பது சிக்கனம் மாதிரித் தெரியும். ஆனால் வாய்மொழி பரவவும் முதல் மூன்று நாளில் கொஞ்சம் பேர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டுமே.

ஓடிடி பணத்தை முன்கூட்டியே வரவில் எழுதுவது கொரோனா காலத்துப் பழக்கம். அப்போது தியேட்டர் மூடியிருந்ததால் தளங்கள் போட்டி போட்டு வாங்கின. இப்போது பெரும்பாலும் தியேட்டரில் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள், பெயர் தெரியாத முகங்கள் என்றால் பேசவே யோசிக்கிறார்கள். கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் அந்த வரவை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

கடைசியாக, ஜெயித்த படத்தின் மடங்கைச் சூத்திரமாக எடுத்துக்கொள்வது. 1999ல் 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்' சில பத்தாயிரம் டாலரில் எடுக்கப்பட்டு, 11 லட்சம் டாலருக்கு விற்று, உலகம் முழுக்க 24.8 கோடி டாலர் வசூலித்தது. அடுத்த வருடமே இரண்டாம் பாகம், செலவு 1.5 கோடி டாலர். வசூல் 5 கோடியைக்கூடத் தொடவில்லை. 'சர்ச்சிங்' உலகத்திலேயே நடக்கும் 'மிஸ்ஸிங்' 2023ல் வந்தது, 70 லட்சம் டாலர் செலவில். அதுவும் முந்தைய படத்தின் 7.5 கோடியை எட்டவில்லை, 5 கோடிக்குள் நின்றுவிட்டது. எட்டு மடங்கு அதிகச் செலவு, மூன்றில் இரண்டு பங்கு வசூல். அப்படியும் அதை யாரும் தோல்விப்படம் என்று சொல்லவில்லை, 70 லட்சம் என்பது அங்கே இன்னமும் சின்ன பட்ஜெட்தான்.