கரண்ட் பயம் போக ஒரு சுவிட்ச் மாற்றிப் பழகுங்கள்

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதற்குப் பயப்படுவது நல்லதுதான். ஆனால் ‘இந்த ஒயரில் கரண்ட் இல்லை’ என்று நாமே சோதித்து உறுதிசெய்யத் தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பழக, மக்கர் செய்யும் ஒரு டியூப்லைட் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். ஏசி, கீசர் சுவிட்செல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

1. அடுத்த படியில் சொல்லும் பிளக் பாயிண்ட் சோதனையை முதலில் முடித்துவிட்டு மெயினை இறக்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மெயின் போனதும் கரண்ட் கட் என்று நினைத்துக்கொண்டு இன்வெர்ட்டர் அதே போர்டுக்குக் கரண்ட் கொடுக்கும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, மெயின் மேல் ‘போடாதே’ என்று ஒரு தாளும் ஒட்டிவிடுங்கள்.

2. இனி டெஸ்டர், அதாவது கரண்ட் இருந்தால் விளக்கு எரிந்து காட்டும் ஸ்க்ரூ டிரைவர் மாதிரியான கருவி. இதில் அவசரமே கூடாது. மெயினை இறக்கும் முன்பே, கரண்ட் இருக்கும் பிளக் பாயிண்டில் அதை வைத்துப் பாருங்கள். நம்மைப் பார்த்த மாதிரி வலது ஓட்டைதான் பேஸ், அதாவது கரண்ட் வரும் பக்கம். முனை இரும்பைத் தொடாமல், பின்பக்க உலோக மூடியில் விரல் வைத்தால் உள்ளே சின்ன விளக்கு எரிய வேண்டும். ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். மெயினை இறக்கி, போர்டைக் கழற்றியதும் உள்ளே ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் வையுங்கள். சுவிட்ச் ஆஃபில் இருப்பதால் மட்டும் கரண்ட் இல்லை என்று ஆகாது. அதன் ஒரு பக்கத்தில் பேஸ் எப்போதும் காத்திருக்கும். வேலையில் இறங்குமுன், டெஸ்டர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, மெயினைப் போட்டு அதே பிளக் பாயிண்டில் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி இறக்குங்கள். போர்டு திறந்திருக்கும், அந்தச் சமயம் கிட்டே யாரும் போகக் கூடாது.

3. கழற்றுமுன் மொபைலில் ஒரு போட்டோ. சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்), பச்சை எர்த் என்பது வழக்கம். பழைய வீடுகளில் கையில் கிடைத்த நிறத்தில் இழுத்திருப்பார்கள். நிறத்தை நம்பாதீர்கள், டெஸ்டரை நம்புங்கள்.

4. பழைய சுவிட்சில் ஒரே ஸ்க்ரூவில் இரண்டு ஒயர் இருந்தால், ஒன்று பக்கத்து சுவிட்சுக்குப் போகும் லூப். இரண்டையும் சேர்த்தே புதியதில் மாட்டுங்கள். செம்பு இழைகளை முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் உள்ளே விட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிறகு ஒயரை லேசாக இழுத்துப் பாருங்கள். அசைந்தால் லூஸ். லூஸ் கனெக்‌ஷன்தான் சூடாகிக் கருகும்.

5. போர்டை மூடிய பிறகே மெயினைப் போடுங்கள்.

அப்புறம், ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) இருக்கிறதே என்ற தெம்பு வேண்டாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, நம் உடல் வழியாகத் தரைக்குக் கசியும் கரண்டைக் கண்டு அணைக்கும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் பெட்டி, அதற்கு வரும் ஒயர் பக்கம் போகவே வேண்டாம், அது மின்வாரியத்தின் வேலை.

லைட்டைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்து, புதிய சுவிட்சின் மேல் புறங்கையை வையுங்கள். சூடு தெரிந்தாலோ சரசரவென்று சத்தம் வந்தாலோ மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிட்டு, நான்காவது படியிலிருந்து மறுபடி பாருங்கள்.