ராணுவத் தளமும் கடலோர நகரமும்: திட்டமிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகின் மிகப்பெரிய கடற்படைத் தளம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், நார்ஃபோக் நகரத்தில் இருக்கிறது. 1917-ல் தொடங்கியது. அந்தத் தளத்துக்குப் போகும் முக்கியச் சாலை ஹாம்ப்டன் பூலவார்டு. பலத்த மழையும் கடலின் ஓதமும் (கடல்நீர் ஏற்றம்) ஒரே நேரத்தில் வந்துவிட்டால் அந்தச் சாலையில் தண்ணீர் தேங்கிவிடும். வடிகால் கடலில் போய்ச் சேர வேண்டும். கடல்மட்டமோ வடிகால் வாயைவிட உயர்ந்து நிற்கும். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள கப்பல்கள் துறையில் தயாராக நிற்க, அவற்றில் ஏற வேண்டியவர்கள் சாலையில் மாட்டிக்கொள்வார்கள்.

கடலோர ராணுவத் தளங்களைச் சுற்றித் திட்டமிடும் யாரும் படிக்க வேண்டிய ஊர் நார்ஃபோக். தவறும் அங்கே நடந்திருக்கிறது, திருத்தமும் நடந்து வருகிறது.

வேலியோடு திட்டத்தை நிறுத்துவது

எனக்குப் படுவது, மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கிறது. தளத்துக்குள் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளியே, நகரத்தில்தான் குடியிருக்கிறார்கள். பிள்ளைகளின் பள்ளி, குடிநீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் நகரத்தோடு பின்னிக் கிடக்கின்றன. ஆனால் பாதுகாப்புத் துறையின் பணம் நெடுங்காலம் வேலிக்குள்ளேயே செலவானது. கடற்படை 1990-களின் இறுதியிலிருந்தே பழைய கப்பல் மேடைகளை இடித்து, இரண்டு அடுக்கு மேடைகளாகக் கட்டத் தொடங்கியது. பழைய மேடைகளின் அடியில் ஓடிய மின்கம்பிகளிலும் குழாய்களிலும் தண்ணீர் ஏறியதால் வந்த முடிவு அது. நல்ல வேலைதான். ஆனால் மேடை உயர்ந்தது, மேடைக்கு வரும் சாலை உயரவில்லை.

2018-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, கடல்மட்ட மாற்றத்தாலும் வெள்ளத்தாலும் பாதிக்கப்படும் தள அணுகுசாலைகளுக்குப் பாதுகாப்பு நிதியைச் செலவிட வழிசெய்தது. 2019-ல் நார்ஃபோக், வர்ஜீனியா பீச் நகரங்களும் கடற்படையும் சேர்ந்து ஒரு கூட்டு நிலப் பயன்பாட்டு ஆய்வை முடித்தன. அதன் பெரிய பயன், எந்தச் சாலை முழுகினால் எந்தத் தளம் துண்டிக்கப்படும் என்பதை இரு தரப்பும் ஒரே வரைபடத்தில் பார்த்தது. இப்படி இரு தரப்பும் ஒன்றாக உட்காருவது முதலில் நடக்க வேண்டும். தளம் தன் திட்டத்தை முடித்து, நகரம் தன் திட்டத்தை முடித்து, பிறகு இரண்டையும் ஒட்டவைக்க முயன்றால் சாலையும் வடிகாலும் யார் பொறுப்பிலும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும்.

கடலை மட்டும் பார்ப்பது

நார்ஃபோக் தளத்தின் ஓரத்தில் உள்ள சூவெல்ஸ் பாயின்ட் அளவி 1927 முதல் கடல்மட்டத்தைப் பதிவு செய்கிறது. அங்கே ஆண்டுக்கு நாலரை மில்லிமீட்டருக்கும் மேல் ஏற்றம். அதில் பெரும்பங்கு கடல் ஏறுவதால் அல்ல, நிலம் இறங்குவதால் வருவது. பனியுகம் முடிந்த பிறகு நிலத்தட்டு மெதுவாகச் சரிவது ஒரு காரணம். அதை யாராலும் தடுக்க முடியாது. இன்னொரு காரணம் நிலத்தடி நீரை ஆலைகளும் ஊர்களும் அளவுக்கு மீறி உறிஞ்சியது. இது மனிதக் கையில் இருக்கிறது. அந்த வட்டாரத்தின் கழிவுநீர் வாரியம், குடிநீர்த் தரத்துக்குச் சுத்திகரித்த நீரை நிலத்தடியில் ஆழத்தில் நீரைத் தாங்கும் அடுக்குகளுக்குள் திரும்பச் செலுத்தத் தொடங்கியிருக்கிறது. கடற்கரைத் திட்டத்தில் ஆழ்துளைக் கிணறுகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால், அந்தத் திட்டம் அரைகுறை.

புயலின் பெயரையும் வகையையும் வைத்துப் பயத்தை அளப்பதும் இதோடு சேர்ந்த தவறு. 1933 ஆகஸ்ட் புயல் கடலை எழுப்பிய அளவு, 2003 செப்டம்பரில் வந்த இசபெல் எழுப்பியதைவிட ஏறக்குறைய ஓர் அடி அதிகம். ஆனாலும் இரண்டு முறையும் சூவெல்ஸ் பாயின்ட்டில் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரே உயரத்தைத் தொட்டது. எழுபது ஆண்டில் கடலின் வழக்கமான மட்டமே உயர்ந்துவிட்டதுதான் காரணம். ‘இந்தப் புயல் சின்னதுதான்’ என்ற பேச்சுக்கு அங்கே அர்த்தமில்லை.

ஒரே ஒரு வரைபடத்தை நம்புவது

அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டு வரைபடம் இன்றைய அபாயத்தைக் காட்டுவது. நாளைய கடல்மட்டம் அதில் இல்லை. கோட்டுக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாக வீடு கட்டியவர்கள் பலர். நார்ஃபோக் 2018-ல் கொண்டுவந்த மண்டல விதிகள் இதை ஓரளவு சரிசெய்தன. வெள்ள மண்டலத்தில் புதுக் கட்டடங்களின் தரைமட்டத்தை, கணக்கிட்ட வெள்ள உயரத்துக்கு மேல் மூன்று அடி உயர்த்தச் சொன்னதோடு, வளர்ச்சியை மேட்டு நிலத்தை நோக்கித் திருப்பவும் முயன்றன.

இங்கேதான் ராணுவத் தளத்துக்கே உரிய சிக்கல் வருகிறது. மேட்டு நிலத்தின் மேலே போர் விமானம் பறக்கலாம். வர்ஜீனியா பீச்சில் உள்ள ஓசியானா விமானத் தளத்தைச் சுற்றி வீடுகள் நெருக்கியதால், 2005-ல், எந்த ராணுவத் தளங்களை மூடுவது என்று பரிசீலிக்கும் அமெரிக்கத் தள மூடல் ஆணையம் நிபந்தனை வைத்தது: விபத்து அபாயப் பகுதியில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துங்கள், இல்லையென்றால் விமானங்களை இழப்பீர்கள். நகரமும் மாநிலமும் பணம் கொடுத்து நிலங்களை வாங்க வேண்டி வந்தது. வெள்ளத்துக்குப் பயந்து மக்களை விமானப் பாதைக்கு அடியில் குடியேற்றுவது பாதுகாப்பு ஆகாது. வெள்ள வரைபடத்தையும் இரைச்சல், விபத்து வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்த பிறகே எந்த நிலத்துக்கும் அனுமதி தர வேண்டும்.

குடும்பங்களைக் கரையில் வைப்பது

நம் நாட்டுக்கும் இதில் ஆறாத பாடம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தினருமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடுபாதையில் ஒரு பகுதி தப்பியது. நிவாரண விமானங்கள் அங்கேதான் இறங்கின. கரையோரக் குடியிருப்புகள் தப்பவில்லை. ஓடுபாதைக்கு எவ்வளவு யோசிக்கிறோமோ, அதே அளவு உறங்கும் வீட்டின் இடத்துக்கும் யோசிக்க வேண்டும்.

தளத்துக்கு வெளியே உள்ள ஏழை வீடுகளுக்கும் இது பொருந்தும். நார்ஃபோக்கின் 260 கோடி டாலர் வெள்ளத் தடுப்புத் திட்டத்தில் நகர மையத்துக்குச் சுவர் வரைந்தார்கள். கறுப்பின மக்கள் தலைமுறைகளாக வாழும் தென்கரைப் பகுதிகளுக்குச் சுவர் இல்லை. வீடுகளை உயர்த்துவது போன்ற ஏற்பாடுகள் மட்டுமே. 2023-ல் அந்த மக்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். சொத்தின் விலையை வைத்து லாபநட்டம் பார்த்தால், விலை குறைந்த வீடு எப்போதும் தோற்கும். கணக்கைத் தொடங்கும் முன்பே அவர்களை உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும்.

அதே நகரத்தின் ஓஹையோ கிரீக் பகுதியில் வேறு வழி நடந்தது. அங்குள்ள இரண்டு குடியிருப்புகளுக்கும் வெளியே போக இருந்த சாலைகள் முழுகிக்கொண்டிருந்தன. 2016-ல் கிடைத்த மத்திய நிதியில் சாலையை உயர்த்தினார்கள், மண்கரை போட்டார்கள், ஓத நீர் ஏறி இறங்கச் சதுப்பு நிலத்தை மீட்டு அதைச் சுற்றிப் பூங்காவும் அமைத்தார்கள்.