ஸ்பைடருக்கு நீங்களே ஆயில் மாற்றுகிறீர்களா? கப்சாய் பழக்கத்தை விட்டுவிடுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆயில் மாற்றுவது பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் கைவந்துவிடும் வேலை. லயத்துக்குப் பின்னால் அப்பாவின் ஹோண்டா இ.எக்ஸ்.5 கப்சாயை, அதாவது சின்ன மோட்டார் சைக்கிளை, ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, அடியில் பழைய பிஸ்கட் டின்னை வைத்து, ஒரே ஒரு நட்டைத் திறந்தால் போதும். கருப்பு எண்ணெய் வடிந்ததும் நட்டை இறுக்கி, ஒரு லிட்டர் டப்பாவில் முக்கால்வாசியை ஊற்றிவிட்டால் மறுநாள் பால்வெட்டுக்கு மோட்டார் தயார். காகித ஃபில்டர்கூட அந்த எஞ்சினில் கிடையாது.

அந்த அனுபவத்தை நம்பித்தான், மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணன் ஒரு பழைய கேன்-ஆம் ஸ்பைடர் எஃப்3 வாங்கி வந்தபோது, "ஆயில்தானே, நானே மாத்திடுறேன்" என்று முன்வந்தேன். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. ஹேண்டில், சீட்டு எல்லாம் பெரிய மோட்டார் மாதிரிதான். ஆனால் உள்ளே இருப்பது ரோட்டாக்ஸின் 1330 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின். அது குடிப்பது ஏறக்குறைய 5 லிட்டர் ஆயில். நான் செய்த தவறுகளுக்கும், என்னிடம் யோசனை கேட்டு வந்தவர்கள் செய்த தவறுகளுக்கும் காரணம் ஒன்றுதான். கப்சாயில் பழகிய கை, யோசிக்காமல் அதே வழியில் போகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்று சக்கர ஸ்போர்ட்ஸ் வண்டி என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் அழைத்தாலும் உள்ளே ஒவ்வொன்றும் வேறு. ஸ்பைடர் 2007-இல் வந்தபோது அதில் இருந்தது 998 சிசி வி-ட்வின் எஞ்சின். 1330 எஞ்சின் 2014 ஆர்.டி. மாடலில்தான் வந்தது. கேன்-ஆமின் இன்னொரு வண்டியான ரைக்கரில் 600 அல்லது 900 சிசி எஞ்சினும், கியர் மாற்றத் தேவையில்லாத சி.வி.டி. பெல்ட்டும் இருக்கின்றன. பொலாரிஸ் ஸ்லிங்ஷாட் 2015-இல் வந்தபோது ஜெனரல் மோட்டார்ஸின் 2.4 லிட்டர் கார் எஞ்சினைப் போட்டிருந்தார்கள். 2020 முதல் பொலாரிஸின் சொந்த 2 லிட்டர் எஞ்சின். ஒரு வண்டிக்கு எடுத்த வீடியோவைப் பார்த்து இன்னொரு வண்டியின் நட்டைக் கழற்றாதீர்கள். உங்கள் மாடல், உங்கள் ஆண்டு, அதற்கான கையேடு, இவை கையில் இல்லாமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

டப்பாவில் பார்க்க வேண்டியது நம்பரை மட்டும் அல்ல

ஸ்பைடரின் கையேடு 5டபிள்யூ-40 ஆயில் கேட்கிறது. கடைக்குப் போனால் கார் ஆயில் டப்பாவிலும் அதே 5டபிள்யூ-40 இருக்கும், சில நேரம் மலிவு விலையிலும் இருக்கும். "நம்பர் ஒண்ணுதானே" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த எண் சொல்வது ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதை மட்டுமே. ஸ்பைடரின் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கிடப்பவை. ஒரே ஆயில் பிஸ்டனில் உராய்வைக் குறைக்க வேண்டும், கிளட்ச்சில் பிடிமானத்தைக் கெடுக்காமலும் இருக்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காகக் கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். அந்த மருந்து கிளட்ச் தட்டுகளுக்கு இடையில் போனால் தட்டுகள் வழுக்கும்.

ஆகவே டப்பாவின் பின்பக்கத்தில் 'ஜாசோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற முத்திரையைத் தேடுங்கள். ஆயிலில் ஊறும் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்று ஜப்பானியத் தர அமைப்பு தரும் அடையாளம் அது. 'எம்.பி.' என்று இருந்தால் ஸ்பைடருக்கு வேண்டாம். அது உராய்வு குறைந்த வகை, கிளட்ச் ஆயிலில் ஊறாத ஸ்கூட்டர்களுக்கானது. ஸ்லிங்ஷாட்டில் காரைப்போல் கிளட்ச் தனியாக இருப்பதால் இந்தப் பிரச்சினை அங்கே இல்லை.

தவறான ஆயில் ஊற்றியது அன்றே தெரியாது. ஜாலோங் பக்கம் மேடு ஏறும்போது எஞ்சின் சத்தம் மட்டும் உயர்ந்து, வேகம் கூடாமல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு நம்பிக்கையும் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது: "நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது, 20டபிள்யூ-50 போடு." பழைய, தேய்ந்த எஞ்சினுக்கு அப்படிச் செய்து பழகியவர்கள் சொல்வது இது. ஸ்பைடரில் கால் கியர் இல்லாத எஸ்.ஈ. மாடல்கள் இருக்கின்றன. பட்டனைத் தட்டினால் கியர் மாறும். அந்தக் கியரை மாற்றும் ஹைட்ராலிக் அழுத்தமும் இதே எஞ்சின் ஆயிலிலிருந்துதான் வருகிறது. ஆயிலின் கெட்டித்தன்மையை நம் இஷ்டத்துக்கு மாற்றினால் கியர் மாறுவதும் கெடலாம். நம் வெயிலையும் கணக்கில் சேர்த்துத்தான் 40 என்ற எண்ணைத் தந்திருக்கிறார்கள்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்

கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி அசையாது என்று நினைப்பவர்கள் உண்டு. எஸ்.ஈ. ஸ்பைடர் அப்படி இல்லை. அதன் கிளட்ச் எஞ்சின் சுற்றினால்தான் பிடிக்கும். எஞ்சின் அணைந்துவிட்டால், கியரில் இருந்தாலும் வண்டி உருளும். பார்க்கிங் பிரேக்கைப் போடுங்கள், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டையும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள். பின்னால் ஒற்றைச் சக்கரம் என்பதால் முன்பக்கம் ஒரு ஓரமாகத் தூக்கினாலே வண்டி சாயப் பார்க்கும். நாங்கள் இரண்டு முன் சக்கரத்தையும் கனமான பலகைகள்மேல் ஏற்றி நிறுத்துகிறோம். கை நுழையும் அளவு இடம் கிடைத்தால் போதும்.

பிளாஸ்டிக் கவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஃப்3-இல் கொஞ்சம்தான், ஆர்.டி.யில் நிறைய. இழுத்துக் கழற்றினால் கிளிப் உடையும். நட்சத்திர வாய் உள்ள டார்க்ஸ் ஸ்குரூகள் என்பதால் அதற்குரிய பிட் வேண்டும். கழற்றிய வரிசையிலேயே ஸ்குரூகளை ஒரு முட்டை அட்டையில் போட்டு வையுங்கள். நீளமான ஸ்குரூவைக் குட்டை இடத்தில் திருகிக் கவரைப் பிளந்தவர்கள் உண்டு.

ஒரு நட்டு அல்ல, இரண்டு

கப்சாய் பழக்கம் நேரடியாக ஏமாற்றும் இடம் இது. ஸ்பைடரில் ஆயில் வடிய இரண்டு நட்டு இருக்கிறது. ஒன்றைத் திறந்து, நிறைய வடிந்ததைப் பார்த்துத் திருப்தியாக மூடிவிட்டால் பழைய ஆயில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் புது ஆயிலை முழு அளவு ஊற்றினால், தரம் கெட்டதோடு அளவும் மீறிவிடும். அடியில் வேறு போல்ட்டுகளும் தெரியும், எதையாவது திறந்துவிடாதீர்கள். கையேட்டில் உள்ள படத்தை வைத்து இரண்டையும் அடையாளம் கண்டு, சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

நட்டில் காந்தம் இருந்தால் துடைப்பதற்கு முன் உற்றுப் பாருங்கள். மை மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் பயம் இல்லை. கையில் குத்தும் அளவு இரும்புத் துணுக்கு இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஏற்கனவே நசுங்கிய வாஷர் இரண்டாம் முறை சரியாக அடைக்காது. கசிகிறதே என்று மேலும் மேலும் இறுக்குவார்கள், எஞ்சினின் அலுமினியத்தில் உள்ள மரை போய்விடும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒருவருக்கு இப்படி நடந்து, இரண்டு ரிங்கிட் வாஷருக்குப் பார்த்தது பெரிய செலவில் முடிந்தது. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், இல்லையென்றால் பட்டறைக்காரரிடம் ஒரு நாளைக்கு இரவல் கேளுங்கள். "என் கைக்குத் தெரியும்" என்று நாம் சொல்வது உண்மைதான். ஆனால் நம் கைக்குத் தெரிந்தது கப்சாயின் நட்டு.

ஃபில்டர் விஷயத்திலும் எஸ்.ஈ. மாடல்காரர்கள் கவனிக்க வேண்டும். எஞ்சின் ஃபில்டர் தவிர, அந்தக் கியர் ஹைட்ராலிக்குக்கு இன்னொரு ஃபில்டர் உண்டு. அதை எப்போது மாற்ற வேண்டும் என்பது கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் இருக்கும். ஃபில்டர் மூடியில் உள்ள ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) மாற்றும்போது பழையது உள்ளே ஒட்டிக்கொண்டு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பழையதன்மேல் புதியது உட்கார்ந்தால் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த இடத்தில் ஆயில் பீறிடும். புது ஓ-ரிங்கில் கொஞ்சம் ஆயில் தடவிப் பொருத்துங்கள்.

அளவு பார்ப்பதில்தான் பெரும் தவறு

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தவர்களும் சறுக்குகிற இடம் இது. நானும் இங்கேதான் சறுக்கினேன்.

இ.எக்ஸ்.5-இல் ஆயில் எஞ்சினின் அடியிலேயே தேங்கி நிற்கும். காலையில், குளிர்ந்த எஞ்சினில் குச்சியை விட்டுப் பார்த்துப் பழகிவிட்டோம். ஸ்பைடரின் எஞ்சின் 'டிரை சம்ப்' வகை. ஆயில் தனி டாங்கியில் இருக்கிறது, பம்பு அதை எஞ்சினுக்கு அனுப்பி மீண்டும் டாங்கிக்கு இழுத்துக்கொள்கிறது. வண்டி இரவு முழுக்க நின்றால் ஆயில் மெல்ல டாங்கியிலிருந்து எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் குச்சியை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்ததாகத் தெரியும். உண்மையில் ஒரு சொட்டும் குறைந்திருக்காது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குச்சியைப் பார்த்துப் பதறி, அரை லிட்டருக்கு மேல் ஊற்றினேன். ஒரு வாரம் கழித்து கோலகங்சாருக்குப் போய் வந்ததும் எரிந்த வாடை, பின்னால் புகை. காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஆயில் தேங்கியிருந்தது. அதிகப்படி ஆயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்றுப் பெட்டிக்குத்தான் போகும். அதைச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றி, கூடுதல் ஆயிலை உறிஞ்சி எடுக்க ஒரு முழு நாள் போனது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடித்தான்.

சரி, எப்படிப் பார்க்க வேண்டும்? வண்டியை நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். எங்களுக்கு லிந்தாங் சாலையில் போய்த் திரும்பினால் சரியாக இருக்கும். சமதரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, அணைத்த உடனே குச்சியைப் பாருங்கள். குச்சியை முழுவதும் திருகிவிட்டுப் பார்ப்பதா, திருகாமல் வைத்துப் பார்ப்பதா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், மரையின் உயரம் அளவையே மாற்றிவிடும். கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

'சமதரை' என்று சொன்னேன். தாமான் வீடுகளின் போர்ச்சு சமதரை அல்ல. மழைத்தண்ணீர் லோங்காங்கிற்கு (சாக்கடைக்கு) ஓடுவதற்காகச் சரிவாகப் போட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள். ஆயில் வடிய வைத்த பலகைகளிலிருந்தும் வண்டியை இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

புது ஆயில் ஊற்றும்போது கையேடு சொல்லும் அளவில் அரை லிட்டரை நிறுத்தி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, கசிவு பார்த்து, மேலே சொன்னபடி சூடாக்கி அளந்து, மிச்சத்தைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். கூட்டுவது எளிது, குறைப்பது கஷ்டம்.

அதேபோல், கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் ஓட்டுகிறவர்கள் ஆயில் மூடியின் அடியில் பால் நிறத்தில் நுரை பார்க்கலாம். நம் ஊர் ஈரக் காற்றில், எஞ்சின் முழுச் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் தங்கும் ஈரம் அது. வாரம் ஒரு முறை நீண்ட தூரம் ஓட்டினால் போய்விடும். போகவில்லையென்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் கலக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1330 எஞ்சினுக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஆண்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

பழைய ஆயில்

தோட்டத்தில் கருப்பு எண்ணெயைக் கரையானுக்கென்று வேலிக்கம்பில் பூசுவார்கள், புல் சாகட்டும் என்று மண்ணில் ஊற்றுவார்கள், மிச்சம் லோங்காங்கில் போகும். கப்சாயின் முக்கால் லிட்டரே அதிகம், இது 5 லிட்டர். எங்கள் பக்கத்து வாய்க்கால்கள் பிளஸ் ஆற்றுக்குப் போகின்றன, அது பேராக் ஆற்றில் கலக்கிறது. கரையோரம் இன்றும் மீன் பிடிக்கிறார்கள். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய்க்கு எஸ்.டபிள்யூ. 305 என்று தனி எண்ணே இருக்கிறது. எண்ணெய் தோய்ந்த ஃபில்டரும் துணியும் எஸ்.டபிள்யூ. 410.

வீட்டில் காலியாகும் 5 கிலோ சமையல் எண்ணெய்ப் புட்டி இதற்குச் சரியான அளவு. லேபிளைக் கிழித்துவிட்டு, கொட்டை எழுத்தில் 'பழைய ஆயில்' என்று எழுதுங்கள். அடுப்படிப் பக்கம் வைக்காதீர்கள். கையுறை போட்டே வேலை செய்யுங்கள், பழைய ஆயில் தோலில் நாள்பட்டுப் படுவது உடம்புக்குக் கெடுதல். பழைய ஆயில் சேகரிக்கும் லோரி வந்துபோகும் பட்டறை எது என்று விசாரித்து, புட்டியையும் ஃபில்டரையும் அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள். நான் போகும் இடத்தில் வெளியார் ஆயிலையும் வாங்கிக்கொள்கிறார்கள்.

அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அட்டையில் சொட்டு இல்லை என்றால் கவர்களைப் பூட்டலாம். இருந்தால், எந்த நட்டுக்கு நேராக விழுந்திருக்கிறது என்று அட்டையே காட்டிவிடும்.