குளச்சல் பக்கத்துப் பையன்கள் சால்மன் பிடிக்கப் போகும் முன்

ஜூன் முதல் தேதியில் இருந்து ஜூலை 31 வரை குளச்சலில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். அந்தத் தடைக்காலத்தில்தான் எனக்கு இந்த முறை லீவு கிடைத்தது. ஊரில் இருந்த மூன்று வாரத்தில் கடியப்பட்டணம், முட்டம் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கனடாவில் வான்கூவர் பக்கம் படிக்கப் போகிறார்கள். வாடகை, பார்ட் டைம் வேலை, குளிருக்கு ஜாக்கெட் எல்லாம் கேட்டு முடித்த பிறகு ஒருவன் மெதுவாக இழுத்தான்: "அண்ணே, அங்க சால்மன் பிடிக்கலாமாமே?"

பிடிக்கலாம். கோடையில் நாலு கூட்டாளிகளோடு அதைவிட நல்ல பொழுதுபோக்கு அந்த ஊரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் கடற்கரையில் பிறந்தவனுக்குத்தான் அங்கே முதலில் கஷ்டம். கையில் ஏறிய மீனைத் திருப்பி விட்டுப் பழக்கம் இல்லையே!

முதலில் லைசென்ஸ். தூண்டிலைத் தண்ணீரில் போடும் முன் ஆளுக்கு ஒன்று வேண்டும். நண்பனுடையதை வைத்துச் சமாளிக்க முடியாது. கடலுக்கு மத்திய மீன்வளத் துறை கொடுப்பது (எல்லோரும் டி.எஃப்.ஓ. என்பார்கள்), ஆற்றுக்கு மாகாணம் கொடுப்பது. ஃபிரேசர் ஆற்றில் மிஷன் ஊரின் ரயில் பாலம்தான் எல்லை. பாலத்துக்குக் கீழே கடல் கணக்கு, மேலே ஆற்றுக் கணக்கு. சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக லைசென்ஸுக்கு மேல் சால்மன் ஸ்டாம்ப் என்று தனியாகக் காசு கட்ட வேண்டும். இரண்டும் ஆன்லைனில் கிடைக்கும். வருஷ லைசென்ஸ் மார்ச் 31 அன்று முடிந்துவிடும், ஆகவே பிப்ரவரியில் ஆசைப்பட்டு வாங்காதீர்கள்.

எந்த இடம் திறந்திருக்கிறது, எந்த மீன், எத்தனை, எவ்வளவு நீளம் என்பது இடத்துக்கு இடம் மாறும், சீசன் நடுவிலும் மாறும். போகிற அன்று காலையில் டி.எஃப்.ஓ. அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். போன வாரம் பிடித்தோமே என்ற பேச்சு அங்கே செல்லாது.

பசிபிக் சால்மன் ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். புதிதாகப் போகிறவனுக்கு பிங்க்தான் தோதானது. அதற்கு ஆயுசு சரியாக இரண்டு வருஷம். அதனால் ஃபிரேசரில் ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் முட்டையிடக் கூட்டமாக ஏறும், ஆகஸ்ட், செப்டம்பரில். கரையில் நின்றே பிடிக்கலாம், படகுக்கு அலைய வேண்டாம். பெயருக்கேற்ற மாதிரி இளஞ்சிவப்பு இரைக்குத்தான் ஓடி வரும்.

சால்மனுக்குப் போடும் கொக்கியில் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக நிற்குமே, அந்தச் சின்ன முள் இருக்கக் கூடாது. குறடால் நசுக்கிவிட்டால் போதும். தூத்தூர் தூண்டில்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். முள் இல்லாத கொக்கியில் தூண்டில் நரம்பு ஒரு நொடி தளர்ந்தாலும் மீன் போய்விடும். நான் முதல் நாள் மூன்றை அப்படித்தான் விட்டேன்.

நாலாவது விடவில்லை. நல்ல கோஹோ, வெள்ளிக் காசு மாதிரி மின்னியது. கூட வந்த மணவாளக்குறிச்சி அண்ணன் குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். வாலுக்குச் சற்று முன்னால், விரல் நகம் அளவுக்கு ஒரு சதைத் துடுப்பு இருந்தது. "மக்கா, இது காட்டு மீனு. விட்டுரு." பொரிப்பகத்தில் வளர்த்து விடும் குஞ்சுகளுக்கு அந்தத் துடுப்பை வெட்டிவிடுவார்கள். மாகாணத்தின் தென்பகுதியில் பெரும்பாலான இடங்களில் துடுப்பு இல்லாத கோஹோவைத்தான் வைத்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிஷம் கழித்து வாலை உதறி, என் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அன்று அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் மாட்டவில்லை.

கரையில் ஆட்கள் தோளோடு தோள் நிற்பார்கள். யாராவது "ஃபிஷ் ஆன்!" என்று கத்தினால் பக்கத்தில் இருப்பவர்கள் நரம்பைச் சுருட்டி வழிவிட வேண்டும். விடாமல் நின்றால் பத்து நரம்பும் ஒரே சிக்கு, அப்புறம் பத்து வாயிலிருந்தும் ஏச்சு.

படகில் போனால் லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது சட்டம். சும்மா வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஒக்கிப் புயலைப் பார்த்த ஊர் நம்முடையது, நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே கோடையிலும் தண்ணீர் நம் கடல் மாதிரி இருக்காது. நீச்சல்காரனையும் சில நிமிஷத்தில் கைகால் மரத்துப்போகச் செய்யும்.

மீன் கிடைத்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு ஐஸில் போடுங்கள். பிங்க் சீக்கிரம் குழைந்துவிடும். துண்டு போடுவதெல்லாம் வீட்டில்தான். வழியில் அதிகாரி நிறுத்தினால் எந்த வகை, எவ்வளவு நீளம் என்று பார்த்ததும் தெரிய வேண்டும். மிச்சத்தை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். விற்பது குற்றம், பெட்ரோல் காசுக்காகக்கூட.

குழம்புக்கு ஒரு குறிப்பு. புளிமுளம் வைத்தால் கரண்டி போடாதீர்கள், சட்டியைச் சுற்றி விடுங்கள். பிங்க் உடைந்து சாறோடு கலந்துவிடும். சாக்கை, சினூக் என்றால் எண்ணெய் தன்னாலே மிதக்கும், தேங்காயைக் குறைத்து அரையுங்கள். பக்கத்தில் பிடிக்கும் வெள்ளைக்காரர்கள் சினையைத் தூக்கிப் போடப் பார்த்தால் சிரித்துக்கொண்டே கேளுங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

தலை மட்டும் ஒரு சிக்கல். துடுப்பு வெட்டிய கோஹோ, சினூக்கின் தலைக்குள் சில சமயம் நூல் நுனி அளவு ஒரு கம்பித்துண்டு இருக்கும், மீன் எங்கே பிறந்தது என்று அதில் குறியிட்டிருப்பார்கள். அந்தத் தலைகளை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சொல்லி டி.எஃப்.ஓ. கேட்கிறது. என் முதல் பொரிப்பகக் கோஹோவின் தலையை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதை ஊரில் அம்மாவிடம் சொன்னபோது அவள் அரைத்துக்கொண்டிருந்த தேங்காயை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "தலைய கொடுத்துட்டு வந்தியாலே?"